நடுவழியில் இறங்கியவர்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்று என் செமினார். எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் செமஸ்டரில் எல்லோரும் ஒரு முறை வகுப்பின் முன்னால் பேச வேண்டும். நன்றாகத்தான் தயாரித்திருந்தேன். மூன்றாவது ஸ்லைடு வரை நன்றாகவும் போனது. அதன் பிறகு அறையில் காற்று போதவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. விரல்கள் மரத்துப்போயின. இதோ விழப்போகிறேன், இங்கேயே, இத்தனை பேர் முன்னால் செத்துப்போகப்போகிறேன் என்று தோன்றியது. "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். திரும்பி உள்ளே போகவில்லை.

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று என் அறைத்தோழன் நவநீதன் சொல்கிறான். ஓடியிருக்கலாம்.

காலையில் சாப்பிடாமல் போனதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 4, புதன்

வளாகத்து மருத்துவ அறைக்குப் போனேன். இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்பதற்கு ஒரு நீளமான ஈ.சி.ஜி. தாளைக் கையில் கொடுத்தார்கள். "கேஸா இருக்கும் தம்பி, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார் மருத்துவர். ஒரு பாட்டில் திரவமும் கொடுத்தார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. மாரடைப்பு என்றாலாவது ஓடிவந்ததற்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

வகுப்புக் குழுவில் யாரோ ஓடுகிற பூனைப் படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். என்னைப் பற்றி இல்லாமலும் இருக்கலாம்.

பிப்ரவரி 9, திங்கள்

கதவுக்குப் பக்கத்து பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று காரணம் சொன்னேன். பாடம் எதுவும் காதில் ஏறவில்லை. மறுபடி வருமா என்று நெஞ்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். கவனித்தால் வருகிறது.

பேராசிரியர் வேணுகோபால் கூப்பிட்டு, "செமினாரை மார்ச்சுல வச்சுக்கலாம்ப்பா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 12, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி.

பிப்ரவரி 13, வெள்ளி

இன்றும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மெஸ்ஸுக்குப் போவதை விட்டுவிட்டேன். அங்கே நடுவில் உட்கார நேர்ந்தால் எழுந்து வெளியே வருவதற்குள் இருபுறமும் ஆட்கள். பன்னும் வாழைப்பழமும் அறையிலேயே போதும். பக்கெட்டில் ஊறவைத்த துணி நாற்றமெடுத்துவிட்டது. நவநீதன்தான் அலசிக் காயப்போட்டான். அவன் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரன். யாரையும் கேட்காமல் காரியத்தைச் செய்துவிட்டுப் பிறகு திட்டுகிற ரகம்.

"ஏன்டா, எத்தன நாளாச்சு குளிச்சு?"

"காலைல குளிச்சேன்."

"எந்தக் காலைல? சோப்பு காஞ்சு கெடக்குது."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவன் பக்கெட்டை மூலையில் வைத்தான். பிறகு என் போர்வையின் கால்பக்கத்தைச் சரியாக இழுத்துவிட்டுப் போனான். அவன் அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 20, வெள்ளி

அம்மா கூப்பிட்டாள். வகுப்பில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று குசுகுசுவென்று சொன்னேன். கட்டிலில் படுத்துக்கொண்டு.

நவநீதன் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்சம் கழித்து, பேச்சை மாற்றுகிறவன் போல, "உங்கப்பா பஸ் ஓட்டறாருன்னு சொன்னீல்ல, எந்த ரூட்டு?" என்றான்.

"இப்ப ஓட்டல. முதுகுவலி. விட்டுட்டாரு. ஊருக்குள்ள ஒரு மாவு மில்லுல இருக்காரு."

"ஆமாண்டா, டிரைவருங்களுக்கு முதுகு போயிரும்."

ஆமாம், போய்விடும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

நவநீதன் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான். நான் பத்து நாளாக அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று வேணுகோபால் சாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். சார் என்னை மாணவர் ஆலோசனை மையத்துக்கு அனுப்பினார். நூலகத்துக்குப் பின்னால், மாடியில். படியேறும்போது எதிரே வந்த ஜூனியர் பெண் ஒருத்தி வணக்கம் சொன்னாள். நான் ஜெராக்ஸ் கடையைத் தேடுகிறவன் போல இரண்டு பக்கமும் பார்த்தேன். அந்த மாடியில் ஜெராக்ஸ் கடை கிடையாது.

ஆலோசகர் பெயர் சுகந்தி. அம்மாவை விட இளையவர். எனக்கு என்ன நடந்தது என்று முழுவதும் கேட்டார். இடையில் எழுதவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல் மரத்தது, செத்துவிடுவேன் என்று நினைத்தது எல்லாம் சொன்னேன்.

"அப்படி வரும்போது உங்களுக்கு நிஜமாவே மூச்சு முட்டுது. நீங்க நடிக்கல. அதை முதல்ல நம்புங்க" என்றார்.

அங்கேதான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்திரண்டு வயது ஆள், ஒரு மேடத்தின் முன்னால். டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். அதற்கென்றே அங்கே வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

பிறகு கேட்டார்: "வீட்டுல யாருக்காவது இது மாதிரி இருந்திருக்கா? அப்பா, அம்மா, யாருக்காவது?"

"இல்ல மேடம்."

ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். மனநல மருத்துவர் ஒருவரையும் பார்ப்பது நல்லது, வீட்டிலிருந்து யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

நவநீதனோடு பேசவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

முதுகுவலி இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, அம்பாசமுத்திரத்தில், ஒரு காலை டிரிப்பில், அப்பா ஆற்றுப் பாலத்தின் நடுவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். வண்டி நிறைய ஆட்கள். பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வேறொரு டிரைவர் வந்து எடுத்துப்போனார். முதலாளி அப்பாவைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். அப்பா பிறகு போகவே இல்லை. ஓட்டுவது மட்டுமில்லை, பஸ்ஸில் ஏறுவதையும் விட்டுவிட்டார். எங்கே போனாலும் சைக்கிள். பெரியம்மா மகள் கல்யாணம் மதுரையில் நடந்தபோது அம்மாவும் நானும் மட்டும் போனோம்.

"டிரைவருக்குப் பயமாம்" என்று ஊர் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு 'பிரேக்டவுன்' என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் அதுதான் பெயர். கோயம்புத்தூருக்கு மனுப் போட்டதே அதற்காகத்தான். இங்கே யாருக்கும் தெரியாது.

வீட்டில் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. யார் கேட்டாலும் முதுகுவலி என்று அம்மா சொல்லத் தொடங்கினாள். நாங்களும் அப்படியே பிடித்துக்கொண்டோம்.

மார்ச் 1, ஞாயிறு

நல்லதாக ஒன்றும் எழுத இல்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் நவநீதன் சமாதானமாகப் பேசி, காந்திபுரம் போய் பிரியாணி சாப்பிடலாம் என்றான். கிளம்பினேன். பஸ் மேம்பாலத்தில் ஏறும்போது வந்தது. செமினாரில் வந்ததை விட மோசம். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை. பாலம் இறங்கியதும் கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தினார். நான் இறங்கி ஒரு செருப்புக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நவநீதன் தண்ணீர் வாங்கப் பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஓடினான். பஸ் ஜன்னல்களில் எல்லாம் முகங்கள்.

அப்போது எனக்கு அப்பாதான் தெரிந்தார். அந்தப் பாலம், அந்தக் கைப்பிடிச் சுவர். நான் நேரில் பார்க்காதது, நேரில் பார்த்த மாதிரி.

அறைக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பாவிடம் கொடு என்று அம்மாவிடம் சொன்னேன்.

"என்ன ஐயா, சாப்பிட்டியா?"

"ஒங்களுக்கு வந்தது எனக்கும் வந்துட்டு" என்றேன்.

அவர் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

"நடு ரோட்டுல பஸ்ஸ நிறுத்தி எறங்கி உக்காந்திருக்கேன். எல்லாரும் பாக்காங்க. ஒங்ககிட்ட இருந்துதான் வந்திருக்கு. நீங்க ஒரு டாக்டர்ட்ட போவல, ஒரு மனுசங்கிட்ட சொல்லல. சைக்கிள்ல சுத்திக்கிட்டு இருந்திட்டீங்க. இப்ப நான் அனுபவிக்கேன். பிரேக்டவுன்னு கூப்பிட்டானுவ என்னய. தெரியுமா ஒங்களுக்கு?"

"எப்பம் ஐயா?"

அதற்கு மேலும் பேசினேன். அதை எழுத மாட்டேன்.

கடைசியில் அப்பா, "வச்சிரட்டா ஐயா?" என்று கேட்டார். என்னிடம் அனுமதி கேட்கிற மாதிரி.

மார்ச் 2, திங்கள்

அம்மா காலையில் கூப்பிட்டாள். அழுத குரல்.

"அப்பாட்ட என்னல சொன்ன நீ? நேத்து சோறு திங்கல. விடியக்காலயில ஒரு பையில சட்டையப் போட்டுக்கிட்டு, 'நான் புள்ளயப் பாத்துட்டு வாரேன்'னு கெளம்பிட்டாவ. நானும் வாரேன்னேன், வேண்டாம்னுட்டாவ. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனத எதுத்த வீட்டுக்காரி பாத்திருக்கா."

"பஸ்ஸுலயா?"

"எனக்கு என்னல தெரியும்?"

அப்பாவின் போன் முதலில் அடித்துக்கொண்டே இருந்தது. மதியத்துக்குப் பிறகு அணைந்துவிட்டது. வழக்கமாக அங்கிருந்து காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் இங்கே வந்துவிடலாம். வரவில்லை. நான் ஹாஸ்டல் வாசலிலேயே நின்றேன். நவநீதன் காரணம் கேட்டான். "அப்பா வர்றாரு" என்று மட்டும் சொன்னேன். அவனும் கூட நின்றான்.

இந்த உலகத்தில் அவரால் முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் நான் பேசிய பேச்சு செய்ய வைத்திருக்கிறது.

மார்ச் 3, செவ்வாய்

சாயங்காலம் வந்தார்.

வாட்ச்மேன் உள்ளே விடாமல் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தபோது கேட்டுக்கு வெளியே பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டை நனைந்து காய்ந்து, முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆள் பாதியாகிவிட்ட மாதிரி இருந்தார். என்னைப் பார்த்ததும், "நல்லா இருக்கியா ஐயா?" என்றார்.

கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். நான் கேட்காமல் அவராகவே சொன்னார்.

"ரயில்ல வரலாம்னுதான் பாத்தேன். ரயில நிறுத்த முடியாதுல்லா. பஸ்ஸுன்னா சொல்லி எறங்கிக்கிடலாம். கயத்தாறுல எறங்கினேன். பொறவு சாத்தூர்ல. திருமங்கலத்துல எறங்கி ரொம்ப நேரம் உக்காந்துட்டேன், இனி திரும்பிருவோமான்னு. திரும்புனாலும் பஸ்ஸுலதான போகணும்." சிரிக்கப் பார்த்தார். "மதுர ஆரப்பாளையத்துல ராத்திரி பஸ் ஸ்டாண்டுலயே இருந்துட்டு, வெளிச்சம் வந்த பொறவு ஏறினேன். ஒட்டன்சத்திரம், உடுமலை. உடுமலையில கண்டக்டர் வஞ்சுபோட்டான். எதுக்குய்யா ஏறுத, எறங்குதன்னு."

"போன் பண்ணியிருக்கலாம்லாப்பா? நான் வந்து கூட்டிட்டு வந்திருப்பேன்."

"நீ எப்படி வருவ? ஒனக்கும் முடியாதுல்லா."

குத்திக்காட்டவில்லை. கணக்கைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நவநீதன் வந்துவிட்டான்.

"வாங்கப்பா. பஸ்ல வந்தீங்களா? முதுகுவலியோட இவ்ளோ தூரமா வந்தீங்க?"

அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் அவனிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆமா தம்பி" என்றார். "முதுகுதான் கொஞ்சம் படுத்திட்டு." இடுப்பில் கைவைத்து, வலிக்கிற மாதிரி நெளிந்து உட்கார்ந்தார். என் பொய்க்காக, என் கண் முன்னால், என் அப்பா நடித்தார்.

நவநீதன் ஓடிப்போய்த் தலையணை எடுத்துவந்து அவர் முதுகுக்கு முட்டுக்கொடுத்தான். அப்பா அதில் சாய்ந்துகொண்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மார்ச் 4, புதன்

சுகந்தி மேடம் எழுதிக்கொடுத்த மருத்துவமனைக்குப் போனோம். நவநீதன் இரவல் வாங்கிய பைக்கில் முதலில் அப்பாவையும், திரும்பி வந்து என்னையும் கொண்டுபோய் விட்டான். பைக் என்றால் எங்கள் இருவருக்கும் பயமில்லை. அது எப்படி என்று தெரியவில்லை.

மனநலப் பிரிவில் வரிசை. எனக்குப் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், அவளுக்குப் பக்கத்தில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், அடுத்து ஐ.டி. கம்பெனி அட்டை மாட்டிய ஒருத்தர். எல்லோரும் சுவரில் ஓடிய டிவியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் சமையல் நிகழ்ச்சி.

டாக்டர் அப்துல் ரவூஃப் நிதானமான ஆள். அப்பா உள்ளே வந்து, நாற்காலி இருந்தும் கதவருகே நின்றார். டாக்டர் என்னிடம் எல்லாம் கேட்டார். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

"ஃபேமிலில யாருக்காவது?"

நேற்று அவர் எனக்காக நடித்தார். இன்று அவர் முன்னாலேயே அவரைக் காட்டிக்கொடுப்பதா? "இல்ல சார்" என்றேன்.

"இருக்கு சார்" என்றது குரல் பின்னாலிருந்து. "எனக்கு."

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "உக்காருங்கய்யா. எப்போலேர்ந்து?"

அப்பா உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில்.

"பஸ் டிரைவரா இருந்தேன் சார். பாலத்துல போயிட்டு இருக்கயில வந்துட்டு. பாலம் இடிஞ்சிரும்னு பயம் இல்ல சார். அந்தப் பாலத்துல எத்தனையோ வருசம் ஓட்டியிருக்கேன். நான் செத்துருவேன்னு தோணிட்டு. ஸ்டீரிங்குல வச்சே செத்தா வண்டி ஆத்துக்குள்ள போயிருமே. உள்ள பள்ளிக்கூடப் பிள்ளையல்லாம் இருக்கு. என் மவன் வயசுப் பிள்ளைய. அதான் நிறுத்திட்டேன்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"பயந்தாங்கொள்ளின்னாவ. சரிதான், பயம்தான. என்ன சொல்ல முடியும்? யார்ட்டயும் சொல்லல சார். இவன்ட்ட கூட. சொல்லியிருந்தா, இவனுக்கு வந்த அன்னைக்கே இன்னதுன்னு தெரிஞ்சிருப்பான். தப்பு எம்மேலதான்."

"நீங்க வண்டிய நிறுத்துனது சரி" என்றார் டாக்டர். "நான் உங்க பஸ்ஸுல இருந்திருந்தா நிறுத்தத்தான் சொல்லியிருப்பேன். அதுக்கு அப்புறம் எங்ககிட்ட வந்திருக்கணும். அது மட்டும்தான் விட்டுப்போச்சு. இப்ப வந்துட்டீங்க."

அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை அசைந்தது. வேறெங்கும் அசைவில்லை.

டாக்டர் எங்களுக்கு விளக்கினார். சில குடும்பங்களில் சர்க்கரை நோய் போல இதுவும் வர வாய்ப்புண்டு. யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. மாத்திரை உண்டு, மூச்சுப் பயிற்சி உண்டு. எந்த இடத்தைப் பார்த்து ஓடுகிறோமோ அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய் நிற்கப் பழக வேண்டும். உடனே போகாது, போய்விடும் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் இதோடு வாழ்க்கை நின்றுவிட வேண்டியதில்லை என்றார். அப்பாவுக்கும் தனியாக ஓ.பி. சீட்டுப் போடச் சொன்னார். ஊருக்குப் பக்கத்திலேயே தொடர்ந்து பார்த்துக்கொள்ள, திருநெல்வேலிக்கு எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "அப்பா, ஞாயித்துக்கிழம பேசினது..."

"அத விடு."

"விட முடியலப்பா."

அவர் கொஞ்சம் நடந்தார். "அந்தப் பேரச் சொல்லி ஒன்னயக் கூப்பிட்டது எனக்குத் தெரியாது ஐயா" என்றார். "அது ஒண்ணுதான் இந்த மூணு நாளா ஓடிட்டே இருக்கு." பிறகு மருந்து வாங்கும் வரிசை எது என்று யாரிடமோ கேட்கப் போய்விட்டார்.

நவநீதன் பைக்கோடு நின்றிருந்தான். "முதுகுக்குக் காட்டுனீங்களாப்பா?" என்றான்.

"அவருக்கு முதுகுவலி கெடயாதுடா" என்றேன். எல்லாவற்றையும் அங்கே பைக் ஸ்டாண்டிலேயே சொன்னேன். பாலம், பிரேக்டவுன், எல்லாம். சொல்லச் சொல்ல முகம் எரிந்தது. அவன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு கேட்டான்.

"அப்ப நேத்து தலவாணி வெச்சனே, சும்மா சாஞ்சுட்டு இருந்தீங்களாப்பா?"

"நல்லாத்தான் இருந்துது தம்பி" என்றார் அப்பா.

மார்ச் 6, வெள்ளி

அம்மா வந்து அப்பாவை அழைத்துப் போனாள். பகல் பஸ், முன் இருக்கை. நேற்று மாத்திரை போட்டதிலிருந்து எனக்குக் குமட்டல். குளித்தேன். மெஸ்ஸில் ஓரமாக உட்கார்ந்து இரண்டு இட்லி.

மார்ச் 24, செவ்வாய்

இன்று செமினார், இரண்டாம் முறை.

தொடங்கும் முன் வேணுகோபால் சாரிடம், நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் நிறுத்துவேன் என்று சொல்லியிருந்தேன். ஐந்தாவது ஸ்லைடில் வந்தது. சுகந்தி மேடம் பழக்கிவிட்ட மாதிரி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஒருவன் இருமினான். முன்வரிசையில் ஒருத்தி தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவமானம் காதுவரை ஏறியது. கதவு நாலடி தூரத்தில் திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை. அது தானாகக் குறைந்தது. குரல் நடுங்க, விட்ட இடத்திலிருந்து படித்தேன். நன்றாகப் பேசினேன் என்று சொல்ல முடியாது. கேள்விகளில் ஒன்றுக்குத் தவறான பதில் சொன்னேன்.

சாயங்காலம் அப்பாவே போன் செய்தார். அவர் போன் செய்வது அபூர்வம்.

"இன்னைக்கு டவுன் பஸ்ஸுல ஏறினேன் ஐயா."

"எங்க வரைக்கும்ப்பா?"

"ரெண்டு ஸ்டாப்பு. பொறவு எறங்கி நடந்து வந்துட்டேன்."

"யாரும் ஏதும் சொன்னாவளா?"

"சொல்லல. பாத்தாவ" என்றார். "பாத்தா பாத்துட்டுப் போட்டும்னு இருக்கப் பாத்தேன். முடியல. கூசத்தான் செய்யுது."

"எனக்கும் கூசிச்சுப்பா இன்னைக்கு" என்றேன். பேச்சு நடுவில் நின்றதைச் சொன்னேன்.

"எறங்கிட்டியா?"

"இல்லப்பா. அங்கயே நின்னேன்."

மறுமுனையில் மாவு மில்லின் இரைச்சல். அப்பா யாரிடமோ, பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரிடம், குரலைத் தாழ்த்தாமல் சொல்வது கேட்டது.

"என் மவன். எனக்கு உள்ளது அவனுக்கும் உண்டு. இன்னைக்கு எறங்காம நின்னுட்டான்."